பிளேன்டீயில் விழுங்கிய இரும்பு

1

நான் கனடாவுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு ஆண்டுகள். என் நாட்குறிப்புக்கும் அதே வயது. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குவேன். இடப்பக்கம் டொரோண்டோ, வலப்பக்கம் ஸ்பிரிங்வெளி, பதுளையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டம். எந்தப் பேருந்து பிந்தியது, என்ன சமைத்தேன், மகள் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாள் என்பதெல்லாம் இடப்பக்கத்தில். தோட்டத்திலிருந்து தொலைபேசியில் வந்த செய்தி, அங்கே பெய்த மழை, யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் வலப்பக்கத்தில். ஒன்றும் இல்லாத நாளில் "செய்தி இல்லை" என்று எழுதிக் கோடு போட்டுவிடுவேன்.

இந்த வாரம் வலப்பக்கத்தில் இடம் போதவில்லை. ஓரத்தில் எழுதினேன், மேலே எழுதினேன், தேதிக்குப் பக்கத்தில்கூட எழுதினேன். இன்னும் கை நிற்கவில்லை. அதனால் இதை ஊரில் இருப்பவர்களுக்காகத் தனியாக எழுதுகிறேன். மூன்று மாதமாக நடந்தது. வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

2

என் அண்ணன் தர்மலிங்கத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், நம் ஸ்டோரில், கொழுந்தை உலர்த்தும் அறையில், இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து இப்போது வாரம் இரண்டு நாள் பதுளை நகரில் ஒரு நிலையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அண்ணி மல்லிகா இன்னமும் மலையில் கொழுந்து எடுக்கிறார். டயாலிசிஸ் நாட்களில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், காலை முதல் பஸ்ஸில் அண்ணனோடு ஏறிவிடுவார்.

அண்ணிதான் தன் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தவர். கண்டியில் முதல் பரிசோதனைகளில் பொருந்துகிறது என்று சொன்னார்கள். கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்தது. முடிந்தவரை வெளி இரத்தம் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஏற்றினால் உடம்பில் எதிர்ப்பு உண்டாகி, இன்று பொருந்துகிற சிறுநீரகம் நாளை பொருந்தாமல் போகலாம்.

சிக்கல் அங்கேதான். அண்ணனின் இரத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறு, பிறகு எட்டு புள்ளி ஒன்று, பிறகு ஏழு புள்ளி நான்கு. இரத்தம் ஊறச் செய்யும் ஊசியை வாராவாரம் போட்டார்கள். நல்ல சிறுநீரகம் தானே சுரக்கிற பொருள் அது. கெட்டுப்போனால் ஊசியாகத்தான் கொடுக்க வேண்டும். ஊசியோடு இரும்புச்சத்து மாத்திரையும் தந்தார்கள். அப்படியும் ஏறவில்லை. ஏழுக்குக் கீழே போனால் இரத்தம் ஏற்றுவதைத் தவிர வழியில்லை என்று பதுளை டொக்டர் சொல்லிவிட்டார்.

"ஊசி போட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?" என்று அண்ணன் தொலைபேசியில் கேட்டார்.

நான் தெரிந்ததை எளிமையாகச் சொன்னேன். ஊசி வேலை வாங்கும், ஆனால் இரத்தம் செய்ய இரும்பு வேண்டும் என்றேன்.

"அட, இது நம்ம ஸ்டோரு கததானே? பெரிய தொர எவ்வளவு சத்தம் போட்டாலும், மலைலருந்து கொழுந்து எறங்காட்டி மெசினு என்னாத்த அரைக்கும்?"

நான் வேலை செய்யும் இடத்தில் இதைப் பல படங்கள் போட்டு விளக்குவார்கள். அண்ணன் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அன்றைய வலப்பக்கத்தில் அதை அப்படியே எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.

3

என் வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் ஓர் ஆய்வு நடக்கிறது. நோயாளிகளுக்கு இரும்புச்சத்தை எப்போது, எவ்வளவு, எந்த வழியில் கொடுப்பது நல்லது என்று பார்க்கிறார்கள். நான் டொக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. எண்களைப் பதிகிறவள். ஹீமோகுளோபின் எவ்வளவு, உடம்பின் களஞ்சியத்தில் இரும்பு எவ்வளவு, இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இரும்பு எவ்வளவு என்று நாள் முழுக்கக் கட்டங்களை நிரப்புகிறேன். பதுளையில் ஒரு கடையில் கணக்கெழுதிய கைக்கு இந்த வேலை பழகியதுதான். தசமப் புள்ளி இடம் மாறினால் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் என் அண்ணனுடைய புள்ளியை நானே மாற்றிவிட்டேன். இலங்கையில் ஏழு புள்ளி நான்கு என்பதை இங்கே எழுபத்து நான்கு என்பார்கள். அளவு முறை வேறு. ஆய்வை நடத்தும் ஹெலனிடம் ஒருநாள் வாய் தவறி, "என் அண்ணனுக்கு ஏழு புள்ளி நான்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ராஜி, அப்படியானால் நீ இங்கே நிற்கக் கூடாது. இறுதிச் சடங்குக்குப் போயிருக்க வேண்டும்."

திருத்திச் சொன்னதும் சிரித்தார். பிறகு முகம் மாறியது. சொந்தக்காரர்களின் நோய்க்கு வேலை இடத்தில் ஆலோசனை கேட்கக் கூடாது என்பது விதி. நான் கையெழுத்துப் போட்ட பதினான்கு பக்கத் தாளில் அது ஒன்பதாம் பக்கம். ஹெலனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் மழையைப் பற்றிப் பேசிக் கலைந்தோம்.

பேருந்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கடதாசிக் கைக்குட்டை நீட்டினார். "அழாதேங்கோ பிள்ளை. ஊரிலயோ சுகமில்லை?" என்றார். "ஆமாங்க, அண்ணனுக்கு" என்றேன். "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டார். பதினெட்டு வருடமாக என் மலையகப் பேச்சைக் கேட்டு இதே கேள்வி. "இல்லைங்க, பதுளை" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

வீட்டில் மகள் ஆர்த்தி பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என் நாட்குறிப்பில் அண்ணனின் எண்களை வரைபடமாகப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பாதி ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

"அம்மா, ஒரே ஒரு ஆள வச்சு ஆராய்ச்சியா? இது டேட்டா இல்லம்மா. இது மாமா."

அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். மாமாவிடம் "ஹலோ, சுகமா?" என்பதற்கு மேல் பேச மாட்டாள். அவள் சொன்னது எனக்கு வலித்தது. அதே நேரம் சரியாகவும் இருந்தது.

4

தினமும் காலை ஆறு மணிக்கு நான் கூப்பிடுவேன். குளிர்காலத்தில் அப்போது அங்கே பின்னேரம் நாலரை. வழக்கமாகக் குரல் மட்டும்தான். லயத்து வரிசை வீட்டில் படம் வருமளவுக்கு சிக்னல் கிடைக்காது. அன்று, மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, படம் தெளிவாக வந்தது. அண்ணி கைபேசியை அலமாரிக் கண்ணாடியில் சாய்த்து வைத்திருந்தார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போய், உதடு வீட்டுச் சுவரின் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

அவர் அருகில் ஒரு சாராயப் போத்தல். பயப்பட வேண்டாம், உள்ளே தண்ணீர். ஒரு நாளைக்கு முக்கால் லீட்டருக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது என்பது டொக்டர் கட்டளை. முழுப் போத்தல் சரியாக முக்கால் லீட்டர் என்பதால், அண்ணி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, விடியற்காலை நிரப்பி வைத்துவிடுவார். அன்றைக்கு அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள், "என்னா தர்மலிங்கம், வெள்ளனவே முழுப் போத்தலா?" என்று கேட்காத நாளில்லை.

நான் ரொட்டியை வாட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி அந்தப் போத்தலிலிருந்து அளந்த தண்ணீரில் போட்ட பிளேன்டீயை, பாலில்லாத தேத்தண்ணீரை, கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பாக, கண்ணாடிக் கோப்பையின் அடி தெரியாத அளவுக்குச் சாயம். ஸ்டோரில் வேலை செய்தவருக்கு அதற்குக் குறைந்த சாயம் வெந்நீர்தான். அண்ணன் உள்ளங்கையில் ஐந்து மாத்திரையைக் கொட்டினார், ஒரே வாயில் போட்டார், தேத்தண்ணீரை ஊற்றி விழுங்கினார்.

"அண்ணே, இப்ப என்னா செஞ்சீங்க?"

"என்னா செஞ்சேன்? மாத்திர போட்டேன்."

"எதோட?"

"எதோடன்னா? தேத்தண்ணியோடதான்."

"தெனமுமா?"

"பின்ன? தண்ணிக்குன்னு தனியா எங்க போறது? போத்தலுக்கு மூணு டீ. மாத்திரைக்குத் தண்ணி குடிச்சா ஒரு டீ போயிரும். நா கணக்காத்தான் குடிக்கிறேன், நீ எழுதிக் குடுத்த மாதிரியே."

நான் எழுதிக் கொடுத்தது உண்மை. மாத்திரைகளின் பெயர், காலை, மாலை, எத்தனை என்று அழகான அட்டவணை போட்டு அனுப்பியிருந்தேன். அண்ணி அதைப் பதுளையில் அச்செடுத்து அலமாரியில் ஒட்டியிருந்தார். திரையில் அண்ணனின் தோளுக்குப் பின்னால் அது தெரிந்தது. நான்கு நிரல்கள், நேரான கோடுகள். எதோடு விழுங்குவது என்ற நிரல் மட்டும் இல்லை.

ரொட்டி கருகியது. நான் கத்தவே கத்தினேன். தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடலுக்குள் விடாது, கால்சியம் மாத்திரையையும் கூடவே போட்டால் மிச்சமும் போய்விடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். வாரக்கணக்கில் ஆய்வுத் தாள்களில் படித்ததெல்லாம் வாயில் வந்தது. அண்ணன் கோப்பையைத் தூக்கி, மிச்சச் சாயத்தை வெளிச்சத்தில் பார்த்தார்.

அப்போது அண்ணி பின்னாலிருந்து, சாவகாசமாக, "அது எனக்குத் தெரியுமே" என்றார்.

"என்னா அண்ணி தெரியும்?"

"ரத்த மாத்திரைக்கு தேத்தண்ணி குடிக்கக் கூடாதுன்னு. மூத்தவன் வகுத்துல இருக்கயில மிட்வைஃப் மிஸ்ஸி சொன்னாங்க. ரெண்டாவதுக்கும் சொன்னாங்க. தோட்டத்துல எந்தப் பொம்பளையக் கேட்டாலும் சொல்லுவா."

"அப்ப ஏன் அண்ணி இவருகிட்டச் சொல்லல?"

"அது புள்ளத்தாச்சி மாத்திரல்ல? ஆம்பளைக்குக் குடுக்குறது வேறன்னு நெனச்சேன். அதுவும் அது பொட்டலத்துல வரும், இது அட்டையில வருது." மாத்திரை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டே, "யாரும் கேக்கவும் இல்லையே" என்றார்.

நான் கடல் தாண்டிப் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம், அந்தப் பத்தடி அறைக்குள்ளே, அவருடைய மனைவியின் தலைக்குள்ளே, இருபத்தைந்து வருடமாக இருந்திருக்கிறது. என் பிள்ளை இங்கே பிறந்தாள். எனக்கு எந்த மிட்வைஃப் மிஸ்ஸியும் இதைச் சொல்லவில்லை.

"இருபத்தாறு வருசம் தேயிலைக்கு ஒழச்சேன்," என்றார் அண்ணன் கடைசியில். "அது என் ரத்தத்தையே ஒளிச்சு வச்சிருக்கு, பாத்தியா?"

"தேயிலையத் திட்டாதீங்க," என்றார் அண்ணி. "ஒங்க நாக்கத் திட்டுங்க."

அன்று பேருந்தைத் தவறவிட்டேன். பதினெட்டு வருடத்தில் அது மூன்றாவது முறை.

5

அடுத்த டயாலிசிஸ் நாளில் இதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். அண்ணன் மாட்டேன் என்றார், ஏசுவார் என்று பயம். அண்ணிதான் சொன்னார். என்னையும் கைபேசியில் கேட்க வைத்திருந்தார்.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பதுளைக்கு மாற்றலாகி வந்து சில வருடங்கள். எதையும் நிதானமாகக் கேட்பவர்.

"பொறுங்கோ அம்மா. என்ன சொன்னனீங்கள்? தேத்தண்ணியோடயோ?"

"ஆமாங்க ஐயா."

"எத்தினை மாசமா?"

"குடுத்த நாள்லருந்துங்க," என்றது அண்ணனின் குரல், மெல்ல.

டொக்டர் சிரித்தார்.

"ஒவ்வொரு முறையும் கேட்டனான், குளிசை போடுறனீங்களோ எண்டு."

"தவறாம போட்டேங்க ஐயா. பொய் சொல்லல."

"நீங்கள் பொய் சொல்லேல்லை. நான்தான் அரைக் கேள்வி கேட்டிருக்கிறன்."

பிறகு அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் எழுந்து நின்றுவிட்டேன். இரும்பு கொடுத்தும் இரத்தம் ஏறவில்லை என்பதால், வேறு என்ன கோளாறு என்று அவர் தேடிக்கொண்டிருந்தாராம். இரும்பு உள்ளே போகவே இல்லை என்றால் கதையே வேறு. ஊசி தோற்கவில்லை; அதற்கு வேலை செய்யப் பொருள் இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாத்திரை சரியாகப் போட்டாலும் குறைவாகத்தான் ஏறும். இனி அதை நம்பி நாள் கடத்த முடியாது. உடம்பில் கிருமித் தொற்று இல்லையென்று பார்த்துவிட்டு, இரும்பை நேராக இரத்தத்திலேயே ஏற்றலாம், மற்ற மாத்திரைகளை இனித் தண்ணீரோடு போடுங்கள் என்றார். அந்த மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்காது. இருந்ததில் அண்ணனுக்கு ஒதுக்கினார்.

முதல் நாள் சிறிய அளவு கொடுத்து, ஒவ்வாமை வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார்கள். அந்த மருந்தின் நிறம் கறுப்புக் கலந்த பழுப்பு. அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாங்க ஐயா, வேணாம்னு சொல்லிட்டு சாயத்தையே ஏத்துறீங்க?" என்று கேட்டாராம். நர்ஸ்மார் எல்லோரும் சிரித்ததாக அண்ணி சொன்னார். பக்கத்துக் கட்டில் நோயாளி மட்டும் சிரிக்கவில்லை. அவரும் தன் மாத்திரைகளைத் தேத்தண்ணீரோடுதான் விழுங்குகிறவராம். உடனே டொக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்.

அந்த வாரம் அண்ணனின் அளவு ஏழு புள்ளி இரண்டு.

6

நான் ஹெலனிடம் போனேன். அண்ணனின் நோய்க்கு ஆலோசனை கேட்கவில்லை, விதியை மீறவில்லை. எங்கள் ஆய்வுப் படிவத்தைப் பற்றித்தான் பேசினேன். "மாத்திரை எடுத்தாரா? ஆம், இல்லை" என்றுதான் நாம் கேட்கிறோம், எதோடு என்று கேட்பதில்லை என்றேன். அவர் படிவத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கத்திலும் அந்தக் கேள்வி இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்தார். அவருக்கு உற்சாகம் வந்தால் அப்படித்தான்.

"இதை யார் கண்டுபிடித்தது?"

"என் அண்ணி. கொழுந்து எடுக்கிறார்."

அந்த ஒரு கேள்வியைச் சேர்க்க மூன்று குழுக்களின் அனுமதி வேண்டும். முதல் குழு "தேநீர்" என்று மட்டும் போடலாமா என்று கேட்டிருக்கிறது. இரண்டாவது குழு இன்னும் கூடவில்லை. கேள்வி வரும் வரை நான் நோயாளிகளிடம் கேட்கக் கூடாது. அவர்கள் கோப்பையைப் பார்க்கிறேன், வாயை மூடிக்கொள்கிறேன்.

வீட்டில் ஆர்த்தியிடமும் சொன்னேன். அவள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு முழுவதும் கேட்டாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கைபேசியை வாங்கி, அவளுடைய உடைந்த தமிழில், "மாமா, இன்னைக்கு மாத்திர எதோட?" என்றாள்.

"தண்ணியோடதான் தாயி. ஒரு மொடக்கு. ஒங்க அத்த அளந்து குடுக்குறா, பிச்சக்காரனுக்குப் போடுற மாதிரி."

அதிலிருந்து அந்தக் கேள்வியை அவள்தான் கேட்கிறாள். கால்சியம் சோற்றோடு போடுகிறாரா என்றும் கேட்கிறாள். மூன்றாம் வாரம் அண்ணன், "ஒன் மகளுக்குப் பதில் சொல்லவே எனக்கு தெம்பு வந்துருச்சு" என்றார்.

நான்கு வாரத்தில் எட்டு புள்ளி ஒன்று. அதை எழுதும்போது நம்பப் பயந்தேன். பரிசோதனைத் தாளின் படத்தை அனுப்பச் சொல்லிப் பெயரையும் தேதியையும் சரிபார்த்தேன். எட்டு வாரத்தில் ஒன்பது புள்ளி ஆறு. அன்று அண்ணன் பஸ் இறங்கி, ரோட்டிலிருந்து லயம் வரை இடையில் உட்காராமல் ஏறி வந்திருக்கிறார். எதிரே வந்த கங்காணி, "யாருய்யா அது, தர்மலிங்கம் தம்பியா?" என்று கேட்டாராம். அவருக்குத் தம்பியே கிடையாது. நான் மட்டும்தான், தங்கச்சி.

7

இந்தச் செவ்வாய்க்கிழமை பத்து புள்ளி மூன்று. ஒரு சொட்டு வெளி இரத்தம் ஏற்றவில்லை.

வியாழக்கிழமை கண்டியிலிருந்து தகவல் வந்தது. அண்ணனின் இரத்தத்தையும் அண்ணியின் இரத்தத்தையும் கடைசியாக ஒருமுறை சேர்த்துப் பார்த்தார்களாம். எதிர்ப்பு இல்லை. அண்ணியின் சிறுநீரகம் இன்னும் பொருந்துகிறது. அடுத்த மாதம் இருவரும் வந்து படுக்க வேண்டும் என்று நாளும் கொடுத்துவிட்டார்கள்.

நான் காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டபோது வீடு முழுக்க ஆட்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், அண்ணியோடு மலையில் நிற்கும் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அண்ணன் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. இரும்பு, சாயம், களஞ்சியம் என்று நான் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் அவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஆர்த்தி என் தோளில் தாடையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அண்ணனின் எண்களை முதலிலிருந்து வரிசையாக வாசித்தேன். எட்டு புள்ளி ஆறிலிருந்து இறங்கி, ஏழு புள்ளி இரண்டைத் தொட்டு, பத்து புள்ளி மூன்று வரை. ஒவ்வொன்றுக்கும் அங்கே கை தட்டினார்கள்.

கைபேசி அண்ணியின் கைக்குப் போனது. அவர் கொல்லைப்பக்கம் போயிருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

"ராஜி."

"சொல்லுங்க அண்ணி."

"இவரு ரத்தம் எவ்வளவுன்னு கனடா வரைக்கும் தெரியும். குடுக்கப் போறவ ரத்தம் எவ்வளவுன்னு ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது. மூன்று மாதத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவர் பெயரில் என்னிடம் ஒரு எண்ணும் இல்லை.

"கொழுந்து எடுக்குறவளுக்கு ரத்தம் இருக்காதுன்னு கண்டியில நர்ஸ் நோனா சொல்லிச்சு. கொறஞ்சிருந்தா என்னைய எடுக்க மாட்டாங்கன்னும் சொல்லிச்சு. நா அன்னைலருந்து ரத்த மாத்திரைய வாங்கி, மிட்வைஃப் மிஸ்ஸி சொன்ன மாதிரி தேசிக்காப் புளித் தண்ணியோட போடுறேன். யாருகிட்டயும் சொல்லல. நேத்துப் பாத்தாங்க. பன்னெண்டு புள்ளி எட்டு."

நான் பேனாவை எடுத்தேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அண்ணி."

"வாசி பாப்போம்."

"மல்லிகா. பன்னெண்டு புள்ளி எட்டு."

"இன்னொருக்கா வாசி," என்றார் அண்ணி.